பிபிசி மிலிட்டரி பேண்டும் 'ஹாமர்ஸ்மித்' நோட்டும்

கேள்வி (கார்னெட்2):
ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் 'ஹாமர்ஸ்மித்' என்ற படைப்பு பிபிசி வானொலியின் ஊதுகருவிக் குழுவான பிபிசி ஒயர்லெஸ் மிலிட்டரி பேண்டுக்காக எழுதப்பட்டது. ஆனால் முதலில் வாசித்தது அமெரிக்கப் பேண்டு. ஏன் அப்படி? அந்தக் காலத்து பிரிட்டிஷ் இசை நோட்டுக் கட்டுகளில் முழு ஸ்கோரும் (எல்லா வாத்தியங்களின் வரிகளும் ஒன்றாக இருக்கும் தாள்) இருப்பதில்லை. டி ஃப்ளாட் பிக்கோலோ (சின்னப் புல்லாங்குழல்), ஈ ஃப்ளாட் ஹார்ன் பார்ட்டுகளை (ஒரு வாத்தியத்துக்கு மட்டுமான நோட்டுகளை) இன்றைய வாத்தியத்தில் எப்படி வாசிப்பது?

பழைய_ஸ்கோர்:
1928இலேயே ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ஒரு ஃபியூகை (ஒரே மெட்டு அடுத்தடுத்த குரல்களில் நுழையும் இசை வடிவம்) இந்தப் பேண்டுக்காக ஹோல்ஸ்ட் அமைத்திருந்தார். 'ஹாமர்ஸ்மித்' 1930இல் பிபிசி கேட்டு எழுதியது. அப்போது பேண்டை நடத்தியவர் பி. வால்டன் ஓ'டானல், 1887இல் நம் மெட்ராஸில் பிறந்தவர். திட்டமிட்ட அரங்கேற்றம் அங்கே நடக்கவில்லை. ஹோல்ஸ்ட் அதையே ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்ற, 1931 நவம்பரில் நடத்துநர் ஏட்ரியன் போல்ட் அதை நடத்தினார். பேண்டு வடிவத்தை 1932 ஏப்ரல் 17 அன்று வாஷிங்டனில் அமெரிக்க மரைன் பேண்டு வாசித்தது. அது மறந்துபோனதால், 1954இல் பிட்ஸ்பர்கில் நடந்ததையே முதல் அரங்கேற்றம் என்று வெகுநாள் நம்பினார்கள். அச்சானது 1956இல். பிபிசி பேண்டோ 1943இலேயே கலைக்கப்பட்டுவிட்டது. தனக்கென்று எழுதியதை அது மேடையேற்றாமலே போனது பெரிய இழப்பு.

நோட்டுப்பெட்டி:
முழு ஸ்கோர் அச்சிடச் செலவு அதிகம். அதனால் நடத்துநருக்குச் சுருக்க பியானோ வரியோ சோலோ கார்னெட் (ட்ரம்பெட் போன்ற ஊதுகருவி) பார்ட்டோதான் தருவார்கள். ஸ்கோரை நீங்களே உருவாக்க, ஒவ்வொரு பார்ட்டையும் கணினியில் ஏற்றி, ஒத்திகை எழுத்துகளுக்கு (நோட்டில் இடம் காட்டும் ஏ, பி, சி குறிகள்) நடுவே பார்களை (செங்குத்துக் கோடுகளால் பிரித்த தாளக் கட்டங்களை) எண்ணுங்கள். ஒரு பார் குறைந்தால் பெரும்பாலும் நீண்ட ஓய்வின் எண்ணில்தான் தவறு. கார்னெட்டில் சின்ன எழுத்தில் இருக்கும் நோட்டுகள் ஓபோ (இரட்டை நாணல் வைத்த ஊதுகருவி) இல்லாத பேண்டுக்கு. ஓபோ இருந்தால் அவற்றை வாசிக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் ஓபோவின் மெல்லிய நிறம் கார்னெட்டில் மூழ்கிவிடும்.

ஹார்ன்_இன்_எஃப்:
டி ஃப்ளாட் பிக்கோலோ பார்ட்டை சி பிக்கோலோவில் அரை ஸ்வரம் ஏற்றி வாசிக்க வேண்டும். வரியின் தொடக்கத்தில் நான்கு ஷார்ப் (ஸ்வரத்தை அரை ஏற்றும் குறி) இருக்கும் பார்ட் ஒரு ஃப்ளாட்டாக (அரை இறக்கும் குறி) மாறும். ஈ ஃப்ளாட் ஹார்ன் பார்ட்டை எஃப் ஹார்னில் ஒரு முழு ஸ்வரம் இறக்குங்கள். இரண்டு ஷார்ப் இருந்தால் ஒன்றுமே இருக்காது. பார்த்தபடியே மாற்றி வாசிக்கச் சொல்லாதீர்கள். நடுவில் வரும் திடீர் ஷார்ப், ஃப்ளாட்டுகளில்தான் தடுமாறுவார்கள். எழுதியே கொடுங்கள்.

நோட்டுப்பெட்டி:
ஒன்று விட்டுவிட்டேன். பழைய தாள் மடிப்பில் உடையும். ஸ்கேனர் மூடியை அழுத்தாமல் மேலிருந்து படமெடுங்கள். பென்சில் கோடுகளை அழிக்காதீர்கள், எந்தப் பகுதியை வெட்டி வாசித்தார்கள் என்பது அதில்தான் தெரியும்.