புதிய கல்வியாண்டும் படிக்கும் பழக்கமும்: உங்கள் மனத்தில் தங்கிவிட்ட ஒரு அனுபவத்தைப் பகிருங்கள்

அறிவியல் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

ஒரு ஜூலை மாதத்தில் நடந்தது இது. பத்தாம் வகுப்பில் ஒளியியல் தொடங்கியிருந்தேன். இடையில், முதல் பாடமான இயக்க விதிகளிலிருந்து ஒரு கேள்வி கேட்டேன். வகுப்பில் நன்றாகப் படிக்கும் மாணவி எழுந்து, "அது போன மாதமே முடிந்த பாடம், டீச்சர்" என்றாள். அவள் குரலில் துடுக்கு இல்லை. முடிந்ததை ஏன் கேட்கிறேன் என்ற வியப்பு மட்டுமே இருந்தது. அந்த முகம் இன்னும் என்னை உறுத்துகிறது. ஆறாம், ஏழாம் வகுப்புகளில் பருவத்திற்கு ஒரு நூலாகப் படித்து, பருவத் தேர்வு முடிந்ததும் அந்த நூலை எடுத்து வைத்துவிடப் பழகிய பிள்ளை, ஜூனில் படித்ததைப் பொதுத்தேர்வு வரை மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதை எப்படி அறிவாள்? அதை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. அதன்பின் திங்கள்கிழமை வகுப்பின் முதல் பத்து நிமிடங்களை இதற்கென ஒதுக்கினேன். நூலை மூடிவிட்டு, முந்தைய வாரப் பாடத்திலும் முந்தைய மாதப் பாடத்திலும் நினைவில் இருப்பதை ஒரு தாளில் எழுதுவார்கள். பிறகு நூலைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையால் சேர்ப்பார்கள். மதிப்பெண் கிடையாது. விடையைப் பத்து முறை வாசித்து மனப்பாடம் செய்வதைவிட இது பயன் தந்தது.

ஒரு தந்தை, திருப்பூர்

ஜூன் தொடக்கத்தில் என் மகன் தானே ஓர் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினான். அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கி இரவு பத்து மணி வரை ஒவ்வொரு மணிக்கும் ஒரு பாடம் இருந்தது. நான் இரவு ஷிப்ட் முடிந்து விடியலில் வீடு திரும்பியபோது, அவன் நூலை விரித்து வைத்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். கதவுச் சத்தம் கேட்டதும் கண்ணைத் திறப்பதற்கு முன்பே அவன் கை ஒரு பக்கத்தைப் புரட்டியது. அந்தக் கையைப் பார்த்த நொடியில், பிள்ளை படிப்பது எனக்காகத்தான் என்று புரிந்தது. அட்டவணையைக் கழற்றிவிட்டு, மாலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை மட்டும் தவறாமல் உட்காரலாம் என்று இருவரும் பேசி முடிவெடுத்தோம். அந்த ஒரு மணி நேரம் நிலைத்துவிட்டது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

முதலில் எழுதிய ஆசிரியையோடு எனக்கு உடன்பாடில்லை. மனப்பாடத்தைக் குறைத்துப் பேசுவது எளிது. ஜவ்வாது மலைப் பகுதிப் பள்ளியில் பணியாற்றியபோது, ஆடு மேய்த்துக்கொண்டே பதினாறாம் வாய்ப்பாடு வரை உரக்கச் சொல்லிச் சென்ற ஒரு சிறுவனைச் சந்தித்தேன்; வகுத்தல் கணக்கில் அவனை விஞ்ச ஒருவரும் இல்லை. வாய்ப்பாடும் குறளும் சூத்திரமும் மனப்பாடமாக இருந்தே ஆக வேண்டும்.

பெற்றோருக்குச் சில சொல்ல விரும்புகிறேன். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து சோதித்து, மறதி தொடக்கத்தில்தான் மிக விரைவாக நிகழ்கிறது என்று 1885இல் எழுதினார். ஆகவே, அன்று நடத்திய பாடத்தை அன்று மாலையே ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை, மாத இறுதியில் ஒருமுறை பார்க்க வைக்க வேண்டும். காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் எல்லாவற்றையும் குவித்துப் படிப்பது தேர்வு முடிந்ததும் கரைந்துவிடும். படிக்கும் நேரத்தில் கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். உறக்கத்தைக் குறைக்காதீர்கள், திருப்பூர் நண்பர் செய்தது சரியே. புத்தகப்பையை முதல் நாள் இரவே அடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்குத் தனி மேசையும் அமைதியான தனி அறையும் கட்டாயம் ஏற்படுத்திக் கொடுங்கள்.

இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர், விழுப்புரம் மாவட்டம்

ஐயா, தனி அறை என்று எழுதியிருக்கிறீர்கள். 2021இல் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபின் எங்கள் தெருவில் மாலை வகுப்பு எடுத்தேன். வகுப்புக்கு வராத ஒரு சிறுமியைத் தேடி அவள் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. உத்தரத்தில் கட்டிய தூளியில் தம்பி கிடந்தான். தூளியில் கட்டிய கயிற்றைக் கால் விரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே அவள் தரையில் குனிந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுதுவதை நிறுத்தினாள், கால் நிற்கவில்லை. அவளிடம் முயற்சிக்குக் குறைவே இல்லை, நேரமும் இடமும்தான் இல்லை. அவள் தாயிடம் பேசி, தம்பியையும் வகுப்புக்குத் தூக்கி வரலாம் என்று சொன்னேன். மறுநாளிலிருந்து இருவரும் வந்தார்கள். இத்தகைய வீடுகளுக்கும் பொருந்தும் அறிவுரைகளையே நாம் சொல்ல வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அறிவியல் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

ஐயா, வாய்ப்பாடும் குறளும் மனத்தில் இருக்க வேண்டும் என்பதில் நமக்குள் வேறுபாடில்லை. நான் சொன்னது திரும்பத் திரும்ப வாசிப்பதைப் பற்றியது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி மறுபடி வாசித்தவர்களே அதிகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, நூலைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். வாசித்த உடனே எல்லாம் தெரிந்துவிட்டதாகத் தோன்றுவதை நம்பியே நம் பிள்ளைகள் நூலை மூடிவிடுகிறார்கள். உங்கள் மலைச் சிறுவன்கூட வாய்ப்பாட்டை நூலைப் பார்த்துச் சொல்லவில்லையே, நினைவிலிருந்துதானே சொன்னான்?

விழுப்புரம் சகோதரிக்கு: இதற்கு மேசையும் தனி அறையும் தேவையில்லை. தூளியை ஆட்டியபடி, அன்று பள்ளியில் நடத்தியதை அவள் உங்களிடமோ தாயிடமோ வாய்விட்டுச் சொன்னாலும் போதும்.

ஒரு தந்தை, திருப்பூர்

டீச்சர், கணக்குப் பாடத்தை இப்படிப் படிக்க முடியுமா? நினைவிலிருந்து எதை எழுதச் சொல்வது?

அறிவியல் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

முடியும். பாடநூலில் தீர்வோடு தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டுக் கணக்கை எடுத்துக்கொண்டு, தீர்வை ஒரு தாளால் மறைத்துவிட்டுத் தானே செய்யச் சொல்லுங்கள். தடைப்படும் இடத்தில் அடுத்த ஒரு வரியை மட்டும் திறந்து பார்க்கலாம். எந்த வரியில் தாளை நகர்த்தினான் என்பதைப் பென்சிலால் குறித்து வைத்தால், மறுநாள் தன் ஆசிரியரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று அவனுக்கே தெரிந்துவிடும்.