லென்ஸ் பாதியில் நின்ற கேமரா: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

தினேஷ்: பழைய சின்ன கேமராவை ஆன் செய்தேன். லென்ஸ் பாதி வெளியே வந்து நின்றுவிட்டது. திரையில் லென்ஸ் எரர் என்று வந்து அணைந்துவிடுகிறது. திறந்து பார்க்கப் போகிறேன்.

முரளி சித்தப்பா: நில்லப்பா. முதலில் பேட்டரியைக் கழற்று.

அத்தை: கார்டையும் எடு தம்பி. கவிதா சின்னப் பிள்ளையாக இருந்தபோது எடுத்த படமெல்லாம் அதில்தான் இருக்கிறது.

கவிதா: அதையெல்லாம் எப்போதோ கம்ப்யூட்டரில் ஏற்றியாச்சு அம்மா.

அத்தை: எந்தக் கம்ப்யூட்டரில்? கெட்டுப்போனதே, அதிலா?

கவிதா: ...தினேஷ், கார்டைப் பத்திரமாக எடுத்து வை.

தினேஷ்: இரண்டையும் எடுத்தாச்சு.

முரளி சித்தப்பா: பேட்டரியில் சார்ஜ் முழுசாக இருந்ததா? குறைவாக இருந்தாலும் லென்ஸ் இப்படிப் பாதியில் நின்றுவிடும்.

தினேஷ்: முழு சார்ஜ், சித்தப்பா. லென்ஸை லேசாக அசைத்தால் கரகரவென்று சத்தம் வருகிறது.

முரளி சித்தப்பா: அப்படியென்றால் மணல்தான். லென்ஸ் கீழே பார்க்கிற மாதிரி கவிழ்த்துப் பிடித்து, இடுக்கில் ரப்பர் பம்பால் காற்று அடி. வாயால் ஊதாதே, எச்சில் உள்ளே போகும். கையால் திருகவும் வேண்டாம். உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பல்சக்கரம், ஒரு பல் உடைந்தால் அவ்வளவுதான்.

தினேஷ்: காற்று அடித்துப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது. திறக்கட்டுமா?

முரளி சித்தப்பா: திறக்கலாம். ஆனால் இதைப் படித்துவிட்டுத் திற. ஃபிளாஷுக்குப் பக்கத்திலோ பேட்டரி அறையை ஒட்டியோ கறுப்பாக, உருளையாக ஒரு கெபாசிட்டர் இருக்கும், ஃபிளாஷுக்கு மின்சாரம் சேர்த்து வைப்பது. சுமார் 300 வோல்ட் வரை ஏறும். மேல் மூடி கழன்றதும் அதன் கால்களிலும், அது சேரும் போர்டிலும் விரல் படக்கூடாது.

தினேஷ்: பேட்டரியைத்தான் எடுத்துவிட்டோமே? அதுவும் 3.7 வோல்ட்தானே?

முரளி சித்தப்பா: அந்த 3.7 வோல்ட்டை உள்ளே இருக்கும் சர்க்யூட் உயர்த்தி கெபாசிட்டரில் சேர்த்து வைக்கிறது. ஃபிளாஷ் அடிக்கும்போது மொத்தமும் ஒரே நொடியில் வெளியே வரும். பேட்டரியை எடுத்த பிறகும் அந்தச் சார்ஜ் ரொம்ப நேரம் நிற்கும்.

பெரியம்மா: முரளி, 300 வோல்ட் என்கிறாய், அதைச் சின்னப் பையனிடமா செய்யச் சொல்கிறாய்?

முரளி சித்தப்பா: சொல்லாமல் விட்டாலும் திறந்துவிடுவான் அண்ணி. சொல்லிவிட்டுத் திறக்க விடுவது மேல். தினேஷ், அப்பா பக்கத்தில் இருக்கிறாரா?

தினேஷ்: இருக்கிறார். வோல்ட் அளக்கும் மீட்டரும் அவரிடம்தான் இருக்கிறது.

முரளி சித்தப்பா: அவரையே செய்யச் சொல். மீட்டரை டிசி 600 வோல்ட்டில் வைத்து அளக்கட்டும். பிறகு 2.2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இடுக்கியில் பிடித்து கெபாசிட்டரின் இரண்டு கால்களிலும் சில நொடி வைத்துச் சார்ஜை மெல்ல இறக்கட்டும். இரண்டு கால்களையும் ஸ்க்ரூடிரைவரால் நேராகத் தொட்டு ஷார்ட் செய்வதைச் சிலர் காட்டுவார்கள், அது வேண்டவே வேண்டாம். பெரிய பொறி பறக்கும், போர்டும் போய்விடலாம்.

தினேஷ்: மேல் மூடி கழன்றது. மீட்டரில் 190 வோல்ட் காட்டியது!! ரெசிஸ்டர் வைத்ததும் 2. இப்போது மறுபடி 5 என்கிறது?

முரளி சித்தப்பா: கொஞ்சம் திரும்ப ஏறத்தான் செய்யும். இன்னொரு முறை வைத்துவிட்டு அளக்கட்டும்.

தினேஷ்: சுழியம் பக்கம் வந்தாச்சு. சுற்றியிருந்த ஸ்க்ரூ எல்லாம் கழன்றுவிட்டன, ஆனாலும் பின் மூடி வர மறுக்கிறது.

முரளி சித்தப்பா: நெம்பாதே. மூடி வரவில்லை என்றால் எங்கோ ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கிறது. பேட்டரிக் கதவுக்கு உள்ளே பார், ரப்பர் பிடிக்குக் கீழேயும் பார். ஒரு தாளில் கேமராவை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே டேப்பால் ஒட்டு. எல்லாம் ஒரே நீளம் இல்லை. குட்டை இருந்த இடத்தில் நெட்டையை முறுக்கினால் போர்டில் குத்தும்.

தினேஷ்: ரப்பருக்குக் கீழே ஒன்று இருந்தது. அதன் தலை தேய்கிற மாதிரி இருக்கிறதே.

முரளி சித்தப்பா: ஜப்பான் கேமராக்களில் பெரும்பாலும் ஜேஐஎஸ் என்ற ஜப்பான் தர அளவு ஸ்க்ரூதான் இருக்கும். வழக்கமான பிலிப்ஸ் நட்சத்திர முனை அதில் சரியாக உட்காராது. இருக்கிற முனைகளில் இறுக்கமாக உட்காருவதை எடுத்து, கீழே நன்றாக அழுத்திக்கொண்டு மெதுவாகத் திருப்பு.

தினேஷ்: வந்துவிட்டது. (படம்) இந்தப் பட்டை கேபிளை அப்படியே இழுக்கலாமா?

முரளி சித்தப்பா: கூடாது! கனெக்டரில் குட்டிப் பூட்டு ஒன்று இருக்கும். அதை நகத்தால் மேலே தூக்கு, கேபிள் தானாக நழுவி வரும்.

தினேஷ்: லென்ஸ் யூனிட் கையில் வந்தாச்சு. பின்னால் மூன்று ஸ்க்ரூ இருக்கிறது, மேலே பசை தடவியிருக்கிறது. கழற்றட்டுமா?

முரளி சித்தப்பா: அதில் கையே வைக்காதே. அதற்கு உள்ளே படத்தைப் பதிவு செய்யும் சென்சார் இருக்கிறது. லென்ஸுக்கு நேராக நிற்கும்படி சரிபார்த்துப் பசை வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் படத்தில் ஒரு பக்கம் தெளிவாகவும் மறு பக்கம் மங்கலாகவும் வரும். வீட்டில் வைத்து அதைச் சரிசெய்ய முடியாது. பக்கவாட்டில் மோட்டார் இருக்கிறதல்லவா, அங்கே பல்சக்கர மூடியை மட்டும் திற.

தினேஷ்: மணல்! இரண்டாவது சக்கரத்தின் பல்லிடுக்கில் ஒரே ஒரு துகள். (படம்)

கவிதா: இதற்கா இவ்வளவு?

தினேஷ்: உலர்ந்த தூரிகையால் தட்டி எடுத்தாச்சு. ஒரு சொட்டு எண்ணெய் விடவா?

முரளி சித்தப்பா: வேண்டாம். எண்ணெய் மெல்லப் பரவி ஷட்டர் தகடுகளில் ஒட்டிக்கொள்ளும். அப்படியே மூடு.

தினேஷ்: எல்லாம் மாட்டிவிட்டேன். லென்ஸ் உள்ளே போய் வெளியே வருகிறது!! ஆனால் திரை இருட்டு.

முரளி சித்தப்பா: திரையின் கேபிள் சரியாக உட்கார்ந்திருக்காது. திறப்பதற்கு முன் பேட்டரியை எடு, மேல் மூடி கழன்றதும் கெபாசிட்டரையும் மறுபடி அளக்கச் சொல். இப்போது ஆன் செய்தாய் அல்லவா, ஏறியிருக்கும்.

தினேஷ்: ஆமாம், ஏறித்தான் இருந்தது! அப்பா மறுபடி இறக்கினார். கேபிள் கோணலாக இருந்தது, நேராகச் செருகிப் பூட்டினேன். திரை வந்துவிட்டது. தேதி கேட்கிறது.

முரளி சித்தப்பா: தேதியைப் போடு. பேட்டரியை ஒரு நாள் உள்ளேயே விட்டுவை, தேதியை நினைவு வைக்கும் குட்டி பேட்டரியும் ஏறிவிடும். பிறகு அச்சடித்த தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, நேராக நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு. நான்கு மூலையிலும் எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கிறேன்.