மறு: வி.யு.எஸ். – ‘முடிவாகாத் திரிபு’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். மரபணுச் சோதனை அறிக்கைகளில் வரும் வி.யு.எஸ். (variant of uncertain significance, அதாவது நோய்க்குக் காரணமா இல்லையா என்று இன்னும் தெரியாத மரபணு மாற்றம்) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம் அல்லவா, அதில் நீங்கள் எழுதியவற்றுக்கு என் மறுமொழி.

> ‘ஐயத்திரிபு’ சுருக்கமாக இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாம்.

சுருக்கம்தான் ஐயா. ஆனால் ‘ஐயந்திரிபற’ என்று ஏற்கெனவே ஒரு வழக்கு உண்டு. அங்கே திரிபு என்றால் பிறழ உணர்தல். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மருத்துவர் வாயிலிருந்து ‘ஐயம்’ என்று வந்தால், நோய் இருக்கும் என்று சந்தேகப்படுகிறார் என்றுதானே வீட்டில் எடுத்துக்கொள்வார்கள்? சான்று போதவில்லை என்பதுதான் உண்மையில் சொல்ல வந்த செய்தி.

உறவினர் ஒருவரின் முழு மரபணுத்தொகை (ஜீனோம்) அறிக்கையை அண்மையில் பார்த்தேன். அவருக்கு இதயத் தசை தடிக்கும் நோய். எம்.ஒய்.எச்.7 மரபணுவில் ஓரெழுத்து மாற்றம், அதன் எதிரே வி.யு.எஸ். என்ற மூன்றெழுத்து, அவ்வளவுதான். அவர் மனைவி கேட்டது: “அப்போ பையனுக்கும் இதைப் பார்த்துடணுமா?” அந்த மாற்றம் பையனிடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை வைத்து அவனுக்கு ஒன்றும் சொல்ல முடியாது. ‘இல்லை’ என்று வந்துவிட்டால் நிம்மதியில் எக்கோ எடுப்பதை விட்டுவிடுவார்கள், ஆபத்து அங்கேதான். பையனுக்கு வேண்டியது அவ்வப்போது ஈ.சி.ஜி.யும் எக்கோவும். அதே நோய் உள்ள பெரியப்பாவிடம் அந்த மாற்றம் இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் பயன் உண்டு. அது ஒரு சான்றாகச் சேரும்.

2015-இல் அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி வகுத்த ஐந்து படிகளில் (நோய் உண்டாக்குவது முதல் தீங்கற்றது வரை) இது நடுப்படி. சான்று சேரச் சேர மேலேயோ கீழேயோ போகும். மறுவகைப்படுத்தப்படுபவற்றில் பெரும்பாலானவை தீங்கற்ற பக்கம்தான் போகின்றன. ஒவ்வொருவரிடமும், ஒப்பிடுவதற்கென வைத்திருக்கும் மேற்கோள் மரபணுத்தொகையிலிருந்து 40 முதல் 50 லட்சம் இடங்களில் வேறுபாடு இருக்கும். பலரிடம் காணப்படுவதைச் சுலபமாக ஒதுக்கிவிடலாம், அரிதானவற்றில்தான் சிக்கல். தரவுத்தளங்களில் ஐரோப்பிய வம்சாவளியினர் மிகுதி என்பதால் நம் ஊரில் சாதாரணமாக இருப்பதுகூட அங்கே அரிதாகத் தெரியும். எம்.ஒய்.பி.பி.சி.3 மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட வடிவம் தெற்காசியர்களில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் உண்டு, ஐரோப்பியரிடம் அநேகமாக இல்லை. 2009-இல் அதை இதயச் செயலிழப்போடு இணைத்து ஆய்வு வந்தது. அது தனியாக எவ்வளவு தீங்கு செய்கிறது என்ற வாதம் அப்புறமும் ஓயவில்லை. 10,000 இந்தியர்களின் மரபணுத்தொகையைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டம் இப்படிப்பட்ட இடங்களில்தான் கைகொடுக்கும்.

ஆகவே என் முன்மொழிவு ‘முடிவாகாத் திரிபு’. ‘கல்யாணம் இன்னும் முடிவாகலை’ என்று சொல்கிறோமே, அந்த ‘இன்னும்’ இதில் தானாகவே வந்துவிடுகிறது. ‘பொருளறியாத் திரிபு’ என்றால் என்றைக்கும் அறிய முடியாதது போல ஒலிக்கிறது.

> ‘திரிபு’க்குப் பதில் ‘விகாரம்’?

இலங்கைப் பாடநூல்களில் மியூட்டேஷனுக்கு அது நிலைத்த சொல், அங்கே அப்படியே இருக்கட்டும். தமிழ்நாட்டில் ஒரு நோயாளியிடம் போய் ‘உங்களிடம் விகாரம் இருக்கிறது’ என்று நான் சொல்ல மாட்டேன். கொரோனாக் காலத்தில் ‘திரிபு’ செய்தித்தாள் வழியாகவே பழகிவிட்டது.

இரு கோடிகளுக்கு ‘நோய்த்திரிபு’, ‘தீங்கிலாத் திரிபு’ சரியாக வரும். இடையில் உள்ள இரண்டு ‘லைக்லி’களுக்குத்தான் (likely pathogenic, likely benign) இன்னும் சொல் அமையவில்லை. அங்கே 90 விழுக்காட்டுக்கு மேல் உறுதி என்று பொருள், ‘அநேகமாக’ அதைத் தாங்காது. ‘பெரும்பாலும்’ போதுமா, வேறு ஏதாவது தோன்றுகிறதா?