புது ட்ரயல்ஸ் வண்டி, கியர் ஆயில் பால் மாதிரி வருது: திருப்பிக் கொடுக்கணுமா?

பாறையேறி:

வணக்கம். இவ்வளவு நாளா படிக்க மட்டும் வந்துக்கிட்டிருந்தவன், இப்ப கேட்க வந்திருக்கேன். கால் ஊனாம பாறை, ஓடைன்னு தாண்டுற ட்ரயல்ஸ் போட்டிக்கான வண்டி, 300 சிசி டூ-ஸ்ட்ரோக், கார்ப்பரேட்டர், பெட்டி பிரிச்ச புதுசு. பிராண்டு பேர் சொல்லல. சொன்னா அந்தக் கட்சி இந்தக் கட்சின்னு நீங்க பிரிஞ்சு நின்னுடுவீங்க, என் ஆயில் அப்படியே கிடக்கும்.

ஆமா, ஆயில்தான் முதல் தலைவலி. ரன்னிங்-இன் (புது இன்ஜினை மெதுவா ஓட்டிப் பழக்குற காலம்) முடிஞ்சதும் மேனுவல்படி கியர்பாக்ஸ் ஆயிலை இறக்கினேன். சிவப்பா இருந்த ஆயில் பால் மாதிரி வெளுத்து வருது.

ஃபேன் சில நேரம் சுத்துது, சில நேரம் சும்மா நிக்குது. ஒரு தடவை ரேடியேட்டர் மூடி வழியா கொதிச்சு ஊத்திடுச்சு. பின் சக்கரத்துல சில ஸ்போக் கையால திருகினாலே சுத்துது. கிக்கர் அப்பப்ப 'கடக்'குனு வழுக்குது. காலையில குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, கிளட்சைப் பிடிச்சு முதல் கியர் போட்டா வண்டி துள்ளிக்கிட்டுப் போய் ஆஃப் ஆகுது. பின்னாடி அழுத்தினா கீச்சு கீச்சுனு சத்தம் வேற.

இது வரைக்கும் ரோடு வண்டி ஓட்டி, சர்வீஸ் தேதிக்குக் கொண்டுபோய் விட்டுப் பழகினவன் நான். மட்டமான வண்டியைத் தலையில கட்டிட்டாங்களோன்னு தோணுது. டீலர்கிட்ட திருப்பிக் கொடுக்கலாமா, இல்ல ட்ரயல்ஸ் வண்டின்னாலே இப்படித்தானா?

இன்னொண்ணு: மேனுவல்ல சர்வீஸ் எல்லாம் மணிக்கணக்குல போட்டிருக்கு. வண்டியில கி.மீ. மீட்டரே கிடையாது. எதை வச்சுக் கணக்குப் பார்க்கிறது?

கிரீஸ்கை:

தம்பி, நீங்க எழுதினதுல எனக்குக் கவலை தர்றது ஆயில் மட்டும்தான். மத்ததுல பாதி கோளாறே இல்ல. யாரோ செஞ்சிருக்க வேண்டிய வேலை, இன்னும் யாரும் செய்யல, அவ்வளவுதான். ட்ரயல்ஸ் வண்டி பெட்டியில வர்றப்போ கப்பலேத்துறதுக்குத் தயாரா இருக்கும், ஓட்டுறதுக்கு இல்ல. பெரிய ரைடர்களுக்கு மெக்கானிக் இருக்கார், செக்ஷனுக்குள்ள (போட்டியில கடக்க வேண்டிய தடைப் பகுதி) கூடவே ஓடிவர மைண்டர் இருக்கார். நமக்கு நாமதான் ரெண்டும்.

முதல்ல ஆயில். பயந்துடாதீங்க, ஆனா தள்ளியும் போடாதீங்க. டூ-ஸ்ட்ரோக்ல பிஸ்டனுக்கும் கிராங்குக்கும் வேண்டிய ஆயில் பெட்ரோல்லயே கலந்து போகுது. கியர்பாக்ஸ் ஆயில் கியருக்கும் கிளட்சுக்கும் மட்டும்தான். அதனால ஹெட்டுல லீக் இருந்தா தண்ணி சிலிண்டருக்குள்ள போகும், வெள்ளை ஆவி வரும், ரேடியேட்டர்ல குமிழ் வரும். கியர்பாக்ஸ் வெளுக்காது. கியர்பாக்ஸ் வெளுத்தா பெரும்பாலும் ரெண்டே வழிதான். ஒண்ணு, வாட்டர் பம்ப் ஷாஃப்ட் சீல் வழியா கூலன்ட் உள்ள வருது. இன்னொண்ணு, ஓடையில ஆழமா இறங்கினப்போ பிரீதர் குழாய் (கியர்பாக்ஸ் காத்து வாங்குற குழாய்) தண்ணியை உறிஞ்சிருக்கு. சூடான கியர்பாக்ஸ் பச்சைத் தண்ணியில திடீர்னு முங்கினா உள்ள இருக்கிற காத்து சுருங்கும், குழாய் வாய்ல எது இருக்கோ அதை இழுத்துக்கும்.

எதுன்னு கண்டுபிடிக்க எதையும் கழட்ட வேண்டாம். இன்ஜின் நல்லா ஆறினப்புறம் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கூலன்ட் எங்க நிக்குதுன்னு ஒரு குச்சி விட்டு அடையாளம் வச்சுக்குங்க. விலை குறைஞ்ச ஆயிலை ஊத்தி, சில நிமிஷம் ஓட்டி, கிளட்சைப் பலமுறை பிடிச்சு விட்டு, இறக்குங்க. தெளிவா வர்ற வரைக்கும் இதையே திரும்பச் செய்யுங்க. அப்புறம் சரியான ஆயில் போட்டு, தண்ணிப் பக்கமே போகாம காஞ்ச பாறையில மட்டும் ஓட்டுங்க. கூலன்ட் இறங்கி ஆயிலும் வெளுத்தா பம்ப் சீல்தான். கூலன்ட் அசையாம ஆயிலும் தெளிவா இருந்தா பிரீதர்தான். அந்தக் குழாயை டேங்க் அடி வரைக்கும் நீட்டி மேல கொண்டுபோங்க, முடிஞ்சது கதை.

வெளுத்த ஆயிலோட வண்டியை நிறுத்தி மட்டும் வைக்காதீங்க. கிளட்ச் ஸ்டீல் பிளேட்டும் பேரிங்கும் உள்ளேயே துருப்பிடிக்கும்.

பம்ப் சீல்தான்னு தெரிஞ்சா கவரைத் தொடுறதுக்கு முன்னாடி டீலருக்குச் சொல்லிடுங்க. இறக்கின ஆயிலை ஒரு கண்ணாடி பாட்டில்ல எடுத்து வைங்க, போட்டோ எடுங்க. போட்டி வண்டிக்கு வாரண்டி பெரும்பாலும் குறைச்சல்தான், இருக்கிற கொஞ்சத்தையும் நாமளே ஸ்பேனர் போட்டுக் கெடுத்துக்கக் கூடாது. மாத்துறப்போ சீலை மட்டும் பார்க்காதீங்க, ஷாஃப்டையும் பாருங்க. சீல் உதடு உரசுற இடத்துல நகத்தை நீளவாக்குல இழுத்துப் பாருங்க. நகம் மாட்டினா பள்ளம் விழுந்திருக்கு. அந்த ஷாஃப்ட்ல புது சீல் போட்டா அதுவும் சீக்கிரமே ஒழுகும்.

ஃபேன் ஏன் முக்கியம்னா, செக்ஷனுக்குள்ள வண்டி ஊர்ந்துதான் போகுது, ரேடியேட்டருக்கு எதிர்க்காத்தே கிடையாது. ஆறவைக்கிற வேலை முழுக்க ஃபேன் தலையிலதான். முதல்ல இறக்கையை விரலால சுத்திப் பாருங்க (இன்ஜின் ஆஃப்ல, சொல்லணுமா?). மண்ணு அடைஞ்சு இறுகியிருந்தா கழுவினாலே போதும். லேசா சுத்தினா ரேடியேட்டர்ல இருக்கிற தெர்மோ சுவிட்சோட (சூடேறினா ஃபேனை ஓடவிடுறது) ரெண்டு ஒயரையும் பிடுங்கி, துண்டு ஒயர்ல ஒண்ணா சேருங்க. பேட்டரி இல்லாத வண்டின்னா இன்ஜின் ஓடணும். ஃபேன் ஓடினா சுவிட்ச் போச்சு. ஓடலைன்னா கனெக்டர், ரெகுலேட்டர், மோட்டார்னு வரிசையா போங்க. விட்டு விட்டு ஓடுதுன்னு நீங்க சொல்றதைப் பார்த்தா கனெக்டர்மேலதான் எனக்குச் சந்தேகம். டேங்கைத் தூக்கினா தெரிஞ்சிடும்.

கீச்சு சத்தம் லிங்கேஜ், அதாவது பின் ஷாக்கையும் ஸ்விங்-ஆர்மையும் (பின் சக்கரத்தைத் தாங்குற கை) இணைக்கிற மூட்டு. ஃபேக்டரியில கிரீஸை மோதிர விரலால தொட்டுத்தான் வைப்பாங்க போல. லிங்கேஜ், ஸ்விங்-ஆர்ம், ஹேண்டில் பேரிங் மூணையும் பிரிச்சு, தண்ணி தாங்குற கிரீஸை நிறைய அப்பி மூடுங்க. நீடில் பேரிங்ல ஊசிகள் தனித்தனியா கழண்டு விழுற வகையும் உண்டு. கீழே வெள்ளைத் துணி விரிச்சுக்கிட்டு உட்காருங்க.

ஸ்போக் புதுசுல தளரத்தான் செய்யும். ஸ்பேனரால ஒவ்வொண்ணையும் தட்டிக் கேளுங்க, 'டிங்'னு வராம 'டப்'புனு வர்றது லூஸ். கால் திருகு, அவ்வளவுதான் ஒரு தடவைக்கு. அப்படியே பின் ஸ்பிராக்கெட் போல்ட்டும், அடியில இருக்கிற பேஷ் பிளேட் போல்ட்டும் பாருங்க. கழட்டி, சுத்தம் பண்ணி, நடுத்தர பலமுள்ள திரெட் லாக் (போல்ட் தளராம பிடிக்கிற பசை) ரெண்டு சொட்டு விட்டு மாட்டுங்க.

கிக்கரை உச்சியிலிருந்தே ஓங்கி மிதிக்கிறீங்களா? மெதுவா இறக்கி, பல்லு பல்லோட கவ்வினது காலுக்குத் தெரிஞ்சப்புறம் முழுசா மிதிங்க. கவ்வறதுக்கு முன்னாடி விழுற அடிதான் அந்த 'கடக்'. அது பல்லோட விளிம்பைத் தின்னுடும். சில மாடல்ல நியூட்ரல்ல மட்டும்தான் கிக் பண்ணணும், மேனுவலைப் பாருங்க.

கி.மீ.யை மறந்துடுங்க. பிளக் ஒயர்ல சுத்தி மாட்டுற சின்ன ஹவர் மீட்டர் கிடைக்கும், இன்ஜின் ஓடுற நேரத்தை மட்டும் எண்ணும். அதைப் போட்டுட்டா மேனுவல் தானா புரியும்.

செக்ஷன்_ஐந்து:

கிளட்சை அண்ணன் விட்டுட்டார், அதை நான் எடுத்துக்கறேன்.

ராத்திரி முழுக்க நின்ன வண்டியில பிளேட்டுகள் ஆயிலோட ஒட்டிக்கிட்டிருக்கும். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ரெண்டாவது கியர்ல போட்டு, கிளட்சை முழுசா பிடிச்சு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்க. 'பொத்'துனு விடுபடுறது கையிலேயே தெரியும். அப்புறம் நியூட்ரல் போட்டு ஸ்டார்ட் பண்ணிச் சூடாகவிடுங்க. சூடானப்புறமும் இழுத்தாதான் கோளாறு. அப்ப ஹைட்ராலிக் லைன்ல காத்து இருக்கலாம். கீழே ஸ்லேவ் சிலிண்டர் (இன்ஜின் பக்கம் கிளட்சைத் தள்ளுறது) பக்கத்திலிருந்து சிரிஞ்ச் வச்சு ஃப்ளூயிடை மேல தள்ளுங்க. காத்து இயல்பா மேலதானே போகும், அதோட சேர்ந்து தள்ளுறது சுலபம்.

லீவர் பக்கத்துல இருக்கிற கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் மூடியில என்ன எழுதியிருக்குன்னு படிச்சிட்டு ஊத்துங்க. சிலதுக்கு மினரல் ஆயில், சிலதுக்கு டாட் 4 பிரேக் ஃப்ளூயிட். மாத்தி ஊத்தினா ரப்பர் சீல் உப்பிப் போகும், லீவர் திரும்பி வராது. பிரேக்குக்கு டாட் 4, கிளட்சுக்கு மினரல்னு ஒரே வண்டியிலேயே ரெண்டும் இருக்கிறது உண்டு.

அண்ணன் சொன்னதுல ஒரு இடத்துல மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். லிங்கேஜ், ஸ்விங்-ஆர்ம், ஹேண்டில் எல்லாத்தையும் ஒரே நாள்ல பிரிக்கச் சொல்றார். ரோடு வண்டி மட்டும் தெரிஞ்சவர் எல்லா போல்ட்டையும் தரையில பரப்பிட்டு உட்கார்ந்தா, எது எங்க போகும்னு முழிப்பார். ஒரு வாரம் லிங்கேஜ், அடுத்த வாரம் ஹேண்டில்னு போங்க. டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குறோம்னு அளந்து காட்டுற ஸ்பேனர்) இல்லாம எதையும் இறுக்காதீங்க. அலுமினிய கேஸ்ல மரை போச்சுன்னா அழுகைதான்.

கிரீஸ்கை:

அவர் போல்ட்டைப் பரப்பினா முழிப்பார், சரி. ஆனா லிங்கேஜ் காஞ்சிருந்தா ஸ்விங்-ஆர்மும் காஞ்சுதான் இருக்கும். அடுத்த வாரம் அடுத்த வாரம்னு சொல்லி மழைக்காலம் வந்துடும். ஒரு அட்டையில வண்டிப் படத்தை வரைஞ்சு, அந்தந்த இடத்துல போல்ட்டைக் குத்தி வச்சா போதும்.

ஒத்தடி:

ஸ்போக் பேச்சு வந்ததால கேட்கிறேன், டயர்ல காத்து எவ்வளவு வச்சிருக்கீங்க? ரோடு வண்டிப் பழக்கத்துல 25, 30 அடிச்சிருந்தா பாறையில ஒவ்வொரு இடியும் நேரா ரிம்முக்கும் ஸ்போக்குக்கும்தான் போகும். பின்னாடி 4லிருந்து 5 பிஎஸ்ஐ, முன்னாடி 5லிருந்து 6. சாதாரண கேஜ்ல அவ்வளவு கீழ முள்ளு சரியா நிக்காது, 15 பிஎஸ்ஐ வரைக்கும் மட்டும் காட்டுற கேஜ் ஒண்ணு வேணும்.

இன்னொண்ணு, கழுவுறப்போ பிரஷர் வாஷரை வீல் பேரிங், லிங்கேஜ், ஏர் பாக்ஸ் பக்கம் காட்டாதீங்க. கிரீஸை வெளியே துரத்திட்டுத் தண்ணி உள்ள போய் உட்கார்ந்துக்கும்.

பாறையேறி:

எல்லாருக்கும் நன்றி. செஞ்சதைச் சொல்றேன்.

டயர்ல 18 பிஎஸ்ஐ இருந்துச்சு. பெட்டியில வந்தபடியே ஓட்டியிருக்கேன். 5க்கு இறக்கினதும் வேற வண்டி மாதிரி ஆகிடுச்சு, ஈரப் பாறையில பின் சக்கரம் வழுக்காம ஏறுது. கிக்கர் விஷயம் கிரீஸ்கை அண்ணன் சொன்ன மாதிரியேதான், மெதுவா கவ்வவிட்டு மிதிச்சா சத்தமே இல்ல. கிளட்ச் ஆட்டினதும் விடுபடுது.

லிங்கேஜைப் பிரிச்சேன். கீழ் பேரிங்ல கிரீஸ்னு சொல்ல ஒண்ணும் இல்ல, ஊசிகள்ல பழுப்பா துரு ஆரம்பிச்சிருக்கு. துடைச்சா போயிடுச்சு, கை வச்சுப் பார்த்தா சொரசொரப்பு இல்ல. நிறைய அப்பி மூடிட்டேன். அட்டையில படம் வரைஞ்சுதான் செஞ்சேன், சண்டை போட்டுக்காதீங்க. ஃபேன்ல பிரச்சினை கனெக்டர்தான். டேங்குக்கு அடியில ஒரு பின் பின்னாடி தள்ளிக்கிட்டு, பட்டும் படாம இருந்துச்சு. அழுத்தி உள்ள தள்ளினதும் 'டிக்'னு உட்கார்ந்துச்சு.

ஆயில்தான் மோசம். தெளிவாகுற வரைக்கும் அலசி, காஞ்ச இடத்துல மட்டும் ஓட்டினேன். கூலன்ட் குச்சி அடையாளத்துக்கு ஒரு விரல் கீழ போயிருக்கு, ஆயில் மறுபடி கலங்கல். டீலருக்கு போட்டோ அனுப்பினேன். ஓடையில இறக்கியிருப்பீங்கன்னு முதல்ல தட்டிக் கழிச்சாங்க. கூலன்ட் இறங்கின கணக்கைச் சொன்னதும் சீல், ஷாஃப்ட் ரெண்டும் அனுப்பறேன்னு ஒத்துக்கிட்டாங்க. நானே மாட்டிக்கலாமாம். மாட்டுறப்போ கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கா?

கிரீஸ்கை:

ஷாஃப்டையும் சேர்த்து அனுப்புறாங்கன்னா இந்த வியாதி அவங்களுக்குப் பழக்கம்னு அர்த்தம்.

பழைய சீலைக் கழட்டறதுக்கு முன்னாடி அது எந்தப் பக்கம் பார்த்து, எவ்வளவு ஆழத்துல உட்கார்ந்திருக்குன்னு போட்டோ எடுத்துக்குங்க. ரெண்டு சீல் முதுகோட முதுகா வச்ச மாடலும் இருக்கு. புது சீல் உதட்டுல கிரீஸ் தடவாம ஷாஃப்டை நுழைக்காதீங்க. ஷாஃப்ட் முனையில மரை இருந்தா அது மேல ஒரு சுத்து டேப், இல்லைன்னா நுழையுறப்பவே உதடு கிழியும். சீலைத் தட்டி இறக்க அதே சுத்தளவு உள்ள ஒரு சாக்கெட் போதும். சுத்தியலை நேரா சீல் மேல காட்டாதீங்க.

கவர் கேஸ்கெட், ஓ-ரிங் புதுசு போடுங்க, அதையும் டீலர்கிட்டயே கேளுங்க. கூலன்ட் சிலிக்கேட் இல்லாததா வாங்கி, கலக்குறதா இருந்தா டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஊத்தினப்புறம் முன் சக்கரத்தைத் தூக்கி வச்சு, மூடியைத் திறந்தபடி கொஞ்சம் ஓடவிட்டு, குமிழ் நின்னதும் மூடுங்க. குச்சியை மட்டும் இன்னும் சில நாளைக்குத் தூக்கிப் போட்டுடாதீங்க.