ஆர்பெஜியோ பழகிப் பழகி சோலோ வாசிக்க மறந்துபோனேன்

உப்புவெளிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். சீசன் மாதங்களில் திருகோணமலை உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் வாசிக்கிறேன். கிற்றார், பேஸ், ட்ரம்ஸ் என்று நாங்கள் மூன்று பேர். சனிக்கிழமை இரவில் கொஞ்சம் ஜாஸ் வேண்டும் என்று கேட்கிறார்கள்.

இரண்டு வருடமாக ஆர்பெஜியோ பழகுகிறேன், அதாவது ஒரு கோர்ட்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) ஸ்வரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது. டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7 மூன்று கோர்ட்டுகளையும் கழுத்தில் எந்த இடத்தில் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பேன். ஆனால் சோலோ (அந்தக் கணத்தில் கற்பனையாக வாசிப்பது) என்று வந்தால் சுவாமி மலையில் ஏறி இறங்குகிற மாதிரித்தான் இருக்கிறது. ஏறுகிறேன், இறங்குகிறேன், திரும்பவும் ஏறுகிறேன். போன கிழமை எங்கள் ட்ரம்ஸ்காரன் "மச்சான், கோர்ட்டைப் பாடமாக்கி ஒப்புவிக்கிறாயா?" என்று மேடையிலேயே கேட்டுவிட்டான்.

அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். பீபொப் (வேகமான ஜாஸ் பாணி) வாசிக்க ஆர்பெஜியோ உதவாது. ஜாஸ் கிற்றார்காரர் வெஸ் மொன்ட்கொமரிக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. அவருக்கு முந்திய கிற்றார்காரர் சார்லி கிறிஸ்டியனின் சோலோக்களை இசைத்தட்டில் கேட்டு அப்படியே வாசித்துத்தான் தொடங்கினார். சக்ஸபோன்காரர் சார்லி பார்க்கரும் 1937 கோடையில் இன்னொரு சக்ஸபோன்காரர் லெஸ்டர் யங்கின் சோலோக்களைக் கேட்டுக் கேட்டுத்தான் தேறினார். இனி நானும் காதால் மட்டும்தான். மறுப்பவர்கள் வாருங்கள்.

உவர்மலையான்

வந்துவிட்டேன். தம்பி, அதே பார்க்கர் 1954இல் சக்ஸபோன்காரர் போல் டெஸ்மண்டுக்குக் கொடுத்த பேட்டியில், மூன்று நான்கு வருடம் ஒரு நாளைக்கு 11 முதல் 15 மணி நேரம் பழகியதாகச் சொல்லியிருக்கிறார். இசைத்தட்டு கேட்டது மட்டும்தான் என்று கதையைப் பாதியில் வெட்டாதீர்கள்.

ஒரு கேள்வி. ஆர்பெஜியோவை அதன் மூல ஸ்வரத்தில் தொடங்காமல் எப்போதாவது பழகினீர்களா? டி மைனர் 7க்கு டி, எஃப், ஏ, சி என்றுதானே வாசிக்கிறீர்கள்? மூன்றாவதிலிருந்து (டி, ஈ, எஃப் என்று எண்ணினால் எஃப்) ஏறிப் பாருங்கள்: எஃப், ஏ, சி, ஈ. டி ஸ்வரத்தை பேஸ்காரர் எப்படியும் வாசிப்பார், நீங்கள் அவருக்கு மேலே 9ஐத் தொடுகிறீர்கள், அதாவது டியிலிருந்து எண்ணி ஒன்பதாவதான ஈ. ஜி 7க்கும் மூன்றாவதிலிருந்து: பி, டி, எஃப், ஏ ஃபிளாட். அந்தக் கடைசி ஏ ஃபிளாட்தான் காரம்.

இப்போது இரண்டையும் ஒட்டுகிறேன். எல்லாம் அரை அடி ஸ்வரங்கள், ஒரு பாருக்கு (நான்கு அடி கொண்ட அளவு) எட்டு:

டி மைனர் 7: எஃப், ஏ, சி, ஈ, டி, சி ஷார்ப், சி, பி ஃபிளாட்
ஜி 7: பி, டி, எஃப், ஏ ஃபிளாட், ஜி, எஃப் ஷார்ப், எஃப், டி ஷார்ப்
சி மேஜர் 7: ஈ (நில்லுங்கள்)

ஒவ்வொரு பாரிலும் முதல் நான்கு சும்மா ஆர்பெஜியோ. அடுத்த நான்கு, வரப்போகும் கோர்ட்டின் மூன்றாவதை மேலிருந்தும் கீழிருந்தும் வளைத்துப் பிடிக்கிற வேலை. சி, பி ஃபிளாட், பிறகு பி. எஃப், டி ஷார்ப், பிறகு ஈ. கழுத்தில் 5ஆம் ஃபிரெட்டுக்கும் 9ஆம் ஃபிரெட்டுக்கும் இடையிலேயே முழுவதும் அடங்கும். ஐந்தாம் கம்பியில் 8ஆம் ஃபிரெட் எஃப்பில் தொடங்குங்கள். ஏ ஃபிளாட்டை இரண்டாம் கம்பியில் 9இல் பிடித்தால் 9, 8, 7, 6 என்று ஒரே கம்பியில் வழுக்கி இறங்கலாம்.

இரண்டு வருடம் பழகிய அதே ஆர்பெஜியோதான். எறியாதீர்கள்.

உப்புவெளிக்காரன்

வாசித்துப் பார்த்தேன் அண்ணை. நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் அது உங்கள் லைன். இதைப் பாடமாக்கினால் நான் இன்னொரு கிளிப்பிள்ளை, வித்தியாசம் என்ன? ஒரு பாட்டில் நான்கு தரம் டி மைனர் 7, ஜி 7 வந்தால் நான்கு தரமும் இதையே வாசிக்கவா?

ஆதிதாளம்

நான் கிற்றார்காரி இல்லை, வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். ஜாஸ் கேட்பேன், வாசிக்கமாட்டேன். ஆனாலும் மூக்கை நுழைக்கிறேன்.

உவர்மலை அண்ணாவின் 16 ஸ்வரங்களையும் எழுதிவைத்து எண்ணினேன். இரண்டு கோர்ட்டுகளுக்கும் சி ஸ்கேலுக்கும் வெளியே ஐந்து ஸ்வரங்கள் இருக்கின்றன. சி ஷார்ப், பி ஃபிளாட், ஏ ஃபிளாட், எஃப் ஷார்ப், டி ஷார்ப். எங்கள் பேச்சில் அந்நிய ஸ்வரங்கள். அந்த ஐந்தில் ஒன்றுகூட அடியில் விழவில்லை. எல்லாம் அடிக்குப் பின்வரும் 'அண்ட்'டில் விழுகின்றன. 1, 2, 3, 4 என்று அடி விழும் இடத்தில் முதல் பாரில் எஃப், சி, டி, சி. இரண்டாம் பாரில் பி, எஃப், ஜி, எஃப். எட்டும் அந்தந்தக் கோர்ட்டின் சொந்தப் பிள்ளைகள்.

உவர்மலை அண்ணா சொல்லவேண்டியது இதைத்தான், அதை விட்டுவிட்டு ஃபிரெட் எண் சொல்லிக்கொண்டிருக்கிறார். தம்பியின் கிளிப்பிள்ளைக் கேள்விக்கும் இதுதான் பதில் என்று நினைக்கிறேன். லைனை மறந்தாலும் எந்த ஸ்வரம் எந்த இடத்தில் விழுகிறது என்பது கையில் நிற்கவேண்டும். கற்பனா ஸ்வரம் பாடுகிறவர் மனம்போனபடி பாடலாம், ஆனால் எடுப்புக்கு (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்) வந்து சேராவிட்டால் மிருதங்கக்காரர் முகத்தைப் பார்க்கவே முடியாது.

உப்புவெளிக்காரன்

அப்போ அக்கா என் பக்கம்! கற்பனா ஸ்வரம் கேட்டுக் கேட்டுத்தானே வருகிறது?

ஆதிதாளம்

அவசரப்படாதீர்கள். சரளி வரிசை, ஜண்டை, அலங்காரம் என்ற ஆரம்பப் பயிற்சிகள் எல்லாம் முடித்துவிட்டு, நிறையக் கேட்காமல் வருகிற பிள்ளைகள் ஸ்வரம் பாடினால் அலங்காரம்தான் வரும். அது உங்கள் நோய். அலங்காரமே பழகாமல் கேள்வி ஞானத்தோடு மட்டும் வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எண்ணம் ஓடும், விரல் ஓடாது. நீங்கள் ஆர்பெஜியோவை எறிந்தால் அந்தப் பக்கம் போய் விழுவீர்கள்.

இன்னொன்று. எங்களுக்கு ஸட்ஜம் அசையாது. உங்களுக்கு ஒவ்வொரு பாருக்கும் கோர்ட் மாறுகிறது. எடுப்பு ஓர் ஆவர்த்தனத்துக்கு (தாளச் சுற்றுக்கு) ஒருமுறை என்றால் உங்களுக்கு அடிக்கடி எடுப்பு. அது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஜி, எஃப் ஷார்ப், எஃப் என்று இறங்குவது மட்டும் எனக்கு அந்நியமாகப் படவில்லை. சியை ஸட்ஜமாக வைத்தால் எஃப் ஷார்ப், எஃப் இரண்டும் மத்திமம், பெஹாக் ராகத்தில் இரண்டு மத்திமமும் உண்டு.

உவர்மலையான்

அக்கா சொன்னது சரி, என் பிழை. அதோடு பீபொப் ஸ்கேல் என்று பெயர் வைத்திருப்பதற்கும் அதே கணக்குத்தான். ஜி 7க்கு ஏழு ஸ்வர ஸ்கேலில் இறங்கினால் சில அடிகளில் கோர்ட் ஸ்வரம் தவறிவிடும். ஒரு பாருக்கு எட்டு இடம் இருக்கிறதே. நடுவில் எஃப் ஷார்ப்பை நுழைத்து ஜி, எஃப் ஷார்ப், எஃப், ஈ, டி, சி, பி, ஏ என்று இறங்குங்கள். அடிகளில் ஜி, எஃப், டி, பி. ஜி 7இன் ஆர்பெஜியோ முழுசாக அங்கே இருக்கிறது! நியூயோர்க்கில் பல பத்தாண்டுகள் வகுப்பு எடுத்த ஜாஸ் பியானோக்காரர் பாரி ஹாரிஸ், 2021இல் காலமானவர், அவரும் ஸ்கேலில் அரை ஸ்வரம் சேர்க்கச் சொன்னது இந்த இடக்கணக்குக்காகத்தான்.

பாலையூற்று பேஸ்

பிள்ளைகள், நான் நாற்பது வருடம் கல்யாண வீட்டில் பைலா (ஆட்டப் பாட்டு) வாசித்தவன். எல்லோரும் ஸ்வரம் ஸ்வரம் என்கிறீர்கள். தம்பியின் தாளத்தை ஒருவரும் கேட்கவில்லை. ஃபோனில் பதிவு செய்து கேளுங்கோ மகன். எனக்குத் தெரியும் என்ன இருக்கும் என்று. ஒவ்வொரு லைனும் 1இல் தொடங்கி 4இல் முடியும்.

பைலா 6/8 தாளம். "தகிட தகிட" என்று சொல்லி, நடுவில் "கி"யை விழுங்கினால் நீளம், குட்டை, நீளம், குட்டை என்று வரும். சுவிங்கின் (ஜாஸின் ஆடும் நடை) வாசல் அதுதான். எங்கள் ஊர்க்காரனுக்கு அது ரத்தத்தில் இருக்கு, பிக்கைப் பிடித்தவுடன் மறந்துபோகிறான்.

உவர்மலையான்

ஐயா, மரியாதையோடு ஒரு மறுப்பு. மெதுவாக வாசிக்கும்போது நீங்கள் சொல்வது பொருந்தும். வேகம் ஏற ஏற அரை அடிகள் கிட்டத்தட்ட சமமாகிவிடும். வேகமான பீபொப்பில் "தகிட" சொல்லி வாசித்தால் குதிரை ஓடுகிற மாதிரி இருக்கும்.

பாலையூற்று பேஸ்

தம்பி மணிக்கு எத்தனை மைலில் வாசிக்கிறார்? சனிக்கிழமை கடற்கரை ஹோட்டலில் நிமிடத்துக்கு 300 அடி வேகத்திலா? நானும் அங்கே சாப்பிட்டிருக்கிறேன்.

உப்புவெளிக்காரன்

ஐயா, 120 😅

பதிவு செய்து கேட்டேன். நீங்கள் சொன்னது அப்படியே. 1இல் ஏறி 4இல் முடிகிறேன், ஒரு தரம்கூடத் தவறவில்லை. கேட்கவே வெட்கமாக இருந்தது.

(ஒரு புது செட் கம்பியும் போய்விட்டது. இந்த உப்புக்காற்றில் மூன்று கிழமை தாங்கினால் அதிசயம்.)

உவர்மலையான்

அப்படியானால் முதல் நான்கை வெட்டுங்கள். 3ஆவது அடியில் டி, சி ஷார்ப், சி, பி ஃபிளாட் என்று தொடங்கி ஜி 7இன் பி மீது விழுங்கள். அதோடு வாயை மூடுங்கள். அல்லது பி, டி, எஃப், ஏ ஃபிளாட்டை இறக்கமாக வாசியுங்கள். ஒரே ஆர்பெஜியோவை எங்கே தொடங்குகிறீர்கள், எங்கே விடுகிறீர்கள் என்பதிலேயே பத்து லைன் கிடைக்கும். நான் கொடுத்ததை முழுசாக வாசிக்கவேண்டும் என்று யார் சொன்னது?

உப்புவெளிக்காரன்

நீங்கள்தான் அண்ணை, மேலே.

உப்புவெளிக்காரன் (பத்து நாளுக்குப் பிறகு)

நேற்று இரவு வாசித்தேன். பாதி லைன் மட்டும், 3ஆவது அடியிலிருந்து. முதல் தரம் பி மீது ஒரு அரை அடி முந்தி விழுந்தேன், பேஸ்காரன் திரும்பிப் பார்த்தான். இரண்டாம் தரம் சரியாக விழுந்தது. ட்ரம்ஸ்காரன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்த இடத்தில் ஸ்னேரில் ஒரு அடி கொடுத்தான். இதுவரை எனக்குக் கொடுத்ததே இல்லை.

அதோடு சார்லி கிறிஸ்டியனின் 1941 மின்டன்ஸ் (நியூயோர்க் ஜாஸ் கிளப்) பதிவில் ஒரு எட்டு பாரைக் காதால் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதை விடப்போவதில்லை. ஆனால் எடுத்ததை எழுதிப் பார்த்தால் உள்ளே கிடப்பது ஆர்பெஜியோதான், அண்ணைக்குச் சந்தோஷமாக இருக்கும்.

உவர்மலையான்

சந்தோஷம். இப்போது அதே பாதி லைனை எஃப் மேஜருக்கு மாற்றி வாசியுங்கள். ஜி மைனர் 7, சி 7.

ஆதிதாளம்

கிற்றாரைத் தொடமுன் பாடிப்பாருங்கள் தம்பி.

பாலையூற்று பேஸ்

காலைத் தட்டிக்கொண்டு.