எக்செல்லில் மைனஸ் நேரம் ##### என்று வருகிறது, மொத்தமும் சரியாக வரவில்லை. உதவி தேவை

நூல்கண்டு (கேள்வி)

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வருகைக் கணக்கு பார்க்கிறேன். எக்செல் ஷீட்டில் உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், வேலை பார்த்த நேரம், ஷிஃப்ட் நேரம் 8:30, கடைசியில் வித்தியாசம், இவ்வளவுதான் காலம் (column, நெடுவரிசை). கூடுதலாகப் பார்த்தவர்களுக்கு 1:15, 0:40 என்று ஒழுங்காக வருகிறது. பர்மிஷன் போட்டுவிட்டு 7:45 மட்டும் பார்த்தவருக்கு -0:45 வர வேண்டிய இடத்தில் ##### வருகிறது. காலத்தை இழுத்து அகலமாக்கினால் # தான் கூடுகிறது.

நெட்டில் தேடி, மைனஸ் வந்தால் டெக்ஸ்ட் ஃபங்ஷன் வைத்து முன்னால் கோடு சேர்த்துக் காட்டுகிற ஃபார்முலா ஒன்றைப் போட்டேன். இப்போது -0:45 என்று தெரிகிறது, ஆனால் வார மொத்தம் கையால் கூட்டியதைவிட அதிகமாக வருகிறது. சனிக்கிழமை சம்பளம் போட்டாக வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

கணக்கப்பிள்ளை

முதலில் ##### விஷயம். அது அகலம் போதாமல் வருவதில்லை. அந்த செல்லின் ஃபார்மட்டை ஜெனரல் என்று மாற்றிப் பாருங்கள், -0.03125 என்று தெரியும். எக்செல்லுக்கு ஒரு நாள் என்பது 1, ஒரு நாளில் 1440 நிமிடம், 45-ஐ 1440-ஆல் வகுத்தால் இதே எண்தான். அதாவது உள்ளே விடை சரியாகத்தான் இருக்கிறது. எக்செல்லின் வழக்கமான நாள்கணக்கு 1900-இல் தொடங்குகிறது, பூஜ்யத்துக்குக் கீழே போன எண்ணை நேரமாகக் காட்ட அதனால் முடியாது, அவ்வளவுதான்.

உங்கள் மொத்தம் ஏறுவதுதான் இதைவிடப் பெரிய பிரச்சினை. டெக்ஸ்ட் ஃபங்ஷன் தருவது எண் இல்லை, எழுத்து. சம் (SUM, கூட்டல்) போட்டால் எழுத்தாக இருக்கும் செல்லை எரர்கூடக் காட்டாமல் தாண்டிப் போய்விடும். உங்கள் ஃபார்முலா மைனஸ் வரும்போது மட்டும் எழுத்தாக்குகிறது, அதனால் கூடுதல் நேரமெல்லாம் கூட்டலில் சேர்ந்து, குறைந்த நேரமெல்லாம் விழுந்துவிடுகிறது. ##### வந்தாலாவது தப்பு இருப்பது தெரியும், இது தெரியவே தெரியாது. சம்பளக் கணக்கில் இதை விட்டுவைக்காதீர்கள்.

ராப்பாளி

நண்பரே, வகுத்த மீதியைத் தரும் மாட் (MOD) ஃபங்ஷன் போட்டுப் பாருங்கள். எங்கள் சாயப்பட்டறையில் ராத்திரி 8-க்கு வந்து காலை 8-க்குப் போகிறவர்களுக்கு இதே ##### வந்தது. வெளியே போன நேரத்தில் வந்த நேரத்தைக் கழித்து, கமா போட்டு 1 என்று மாட்டுக்குள் கொடுத்தேன், 12:00 என்று சரியாக வந்துவிட்டது.

கணக்கப்பிள்ளை

உங்களுக்கு அது சரி, அவருக்கு ஆகாது. நீங்கள் சொல்வது நள்ளிரவைத் தாண்டுவதால் வருகிற மைனஸ். உண்மையில் அங்கே குறைவு எதுவும் இல்லை, நாள் மாறியதுதான் காரணம். அதற்கு மாட் தான் மருந்து. நூல்கண்டு கேட்பது நிஜமான குறைவு. வித்தியாசம் காலத்தில் மாட் போட்டால் -0:45 என்பது 23:15 ஆகிவிடும், பர்மிஷன் போனவருக்கு இருபத்து மூன்று மணி நேர ஓவர்டைம் போய்ச் சேரும். நைட் ஷிஃப்ட் இருந்தால் வேலை பார்த்த நேரம் காலத்தில் மட்டும் மாட் போடுங்கள், வித்தியாசத்தில் வேண்டாம்.

பழைய மேக்

இதற்கு ஃபார்முலாவே தேவையில்லை. ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போய்க் கீழே இறங்கினால் 1904 டேட் சிஸ்டம் என்று ஒரு டிக் இருக்கும். அதைப் போட்டால் -0:45 அப்படியே தெரியும், கூட்டலும் வரும். மேக்கில் அந்தக் காலத்திலிருந்து இருந்த முறை அது.

நூல்கண்டு

போட்டேன், மைனஸ் தெரிகிறது. ஆனால் தேதி காலம் முழுக்க மாறிவிட்டதே! எல்லாம் நான்கு வருடம் தள்ளிப் போயிருக்கிறது.

கணக்கப்பிள்ளை

உடனே டிக்கை எடுத்துவிடுங்கள், தேதி திரும்ப வந்துவிடும். அந்த டிக் எல்லாத் தேதியையும் 1462 நாள் தள்ளிவிடும், 2024 ஜனவரி 1 என்பது 2028 ஜனவரி 2 ஆகிவிடும். தேதியே இல்லாத புது ஃபைல் என்றால் தாராளமாகப் போடலாம். உங்களுடையது வருகைப் பதிவு, தேதிதான் அதற்கு உயிர். அதோடு அந்த ஃபைலிலிருந்து தேதியை எடுத்து வேறு ஃபைலில் ஒட்டினால் அங்கேயும் குழம்பும்.

நான் செய்கிற முறை இது. வித்தியாசத்தை நேரமாக வைக்காமல் நிமிடமாக வைத்துவிடுவேன். வேலை பார்த்த நேரத்தில் ஷிஃப்ட் நேரத்தைக் கழித்து 1440-ஆல் பெருக்கி, ரவுண்டு ஃபங்ஷனுக்குள் போட்டுக் கமா 0. செல்லின் ஃபார்மட் நம்பர். இப்போது 75, 40, -45 என்று வெறும் எண்ணாக நிற்கும், சம் தயங்காமல் கூட்டும். ஆவரேஜ், சார்ட் எல்லாம் இதிலிருந்தே எடுக்கலாம். 24-ஆல் பெருக்கி மணியாகவும் வைக்கலாம்தான், ஆனால் -0.75 என்று பார்த்தால் சூப்பர்வைசர் 75 நிமிடம் என்று படித்துவிடுவார், அதனால் நான் நிமிடத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

முதலாளிக்கு -0:45 என்றுதான் காட்ட வேண்டும் என்றால் பக்கத்தில் இன்னொரு காலம் போட்டு, அதில் மட்டும் உங்கள் டெக்ஸ்ட் ஃபார்முலாவை வையுங்கள். அது கண்ணுக்கு மட்டும். அதைக் கூட்டவே கூடாது.

ராப்பாளி

இதுவும் கேட்க வேண்டும். எனக்கு ஒரு ஆளின் வாரக் கூடுதலும் குறைவும் சரிக்குச் சரியாக இருந்தும் 0:00 வராமல் ##### வருகிறது. அது எப்படி?

கணக்கப்பிள்ளை

நேரம் எல்லாம் பின்னமாக இருப்பதால் கூட்டிக் கழிக்கும்போது பூஜ்யத்துக்குக் கீழே மயிரிழை அளவு மிச்சம் நின்றுவிடும். மைனஸ் மைனஸ்தான், உடனே ##### வந்துவிடும். நிமிடமாக்கி ரவுண்டு செய்தால் இந்தத் தொல்லையும் போய்விடும், ரவுண்டு போடச் சொன்னதே அதற்காகத்தான்.

நூல்கண்டு

நிமிடத்துக்கு மாற்றிவிட்டேன், கையால் கூட்டியதும் ஷீட்டும் ஒன்றாக வருகிறது. ரொம்ப நன்றிங்க. கூகுள் ஷீட்ஸில் செய்தால் இந்தப் பிரச்சினை இருக்காதா? மொத்தத்தை மணி நிமிடமாகக் காட்ட 60-ஆல் வகுத்து, முழு எண்ணாக்கும் இன்ட் (INT) ஃபங்ஷன் போட்டால் போதுமா?

கணக்கப்பிள்ளை

கூகுள் ஷீட்ஸில் டூரேஷன் ஃபார்மட் கொடுத்தால் மைனஸ் நேரம் அப்படியே தெரியும். லிப்ரே ஆஃபீஸிலும் தெரியும். ஆனால் அதையே டவுன்லோடு செய்து ஆடிட்டர் எக்செல்லில் திறந்தால் அங்கே மறுபடி ##### தான்.

இன்ட் மட்டும் போட்டால் போதாது. இன்ட் எப்போதும் கீழே இறங்கும், -45-ஐ 60-ஆல் வகுத்து இன்ட் போட்டால் 0 வராது, -1 வரும். அதனால் ஏபிஎஸ் (ABS) ஃபங்ஷன் போட்டு மைனஸை எடுத்துவிட்டு 1440-ஆல் வகுத்து, டெக்ஸ்ட் ஃபங்ஷனில் [எச்]:எம்எம் ஃபார்மட் கொடுங்கள். மொத்தம் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் முன்னால் கோடு வரும்படி ஒரு இஃப் (IF) போடுங்கள். அந்த சதுர அடைப்பை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் 26 மணி நேரம் 2:00 என்று காட்டும். எச், எம்எம் எல்லாம் ஆங்கில எழுத்தில் போடுங்கள்.