புதுப்பிப்பு: நெகட்டிவ் கன்ட்ரோலில் நைட்ரைட் பாசிட்டிவ் – காரணம் தெரிந்துவிட்டது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சிறுநீர் ஸ்ட்ரிப் சோதனையில் லெவல் 1 கன்ட்ரோல் (சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்கும் திரவம்; இது நெகட்டிவ் வர வேண்டியது) திரும்பத் திரும்ப நைட்ரைட் (சிறுநீரில் பாக்டீரியா இருக்கலாம் என்று காட்டும் பொருள்) பாசிட்டிவ் காட்டுகிறது, ஏன் என்று கேட்டிருந்தேன்.

ஸ்ட்ரிப்பைப் படிக்கும் அனலைசரைத் துடைத்தும், புதுக் கன்ட்ரோல் குப்பி திறந்தும் பலனில்லை. "ஸ்ட்ரிப்பை எதிலும் முக்காமல் நைட்ரைட் பட்டையை மட்டும் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. காய்ந்த ஸ்ட்ரிப்பிலேயே அந்தப் பட்டை லேசான இளஞ்சிவப்பு! அதே லாட்டில் (தயாரிப்புத் தொகுதியில்) பிரிக்காத டப்பாவைத் திறந்து ஒரு ஸ்ட்ரிப்பைப் பக்கத்தில் வைத்தால் அதன் பட்டை வெள்ளை. பழைய டப்பாவின் மூடி சரியாக அழுந்தாமல் காற்றும் ஈரமும் உள்ளே போயிருக்கிறது. காலாவதித் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று அதை நம்பிவிட முடியாது.

புது டப்பாவில் லெவல் 1 நெகட்டிவ். அப்புறம், கடைசியாகக் கன்ட்ரோல் சரியாக வந்ததற்குப் பிறகு நைட்ரைட் பாசிட்டிவ் வந்த மாதிரிகளின் முடிவுகளை நிறுத்தி வைத்தோம். கையில் மிச்சமிருந்தவற்றை மறுபடி சோதித்ததில் பல நெகட்டிவ். அவற்றில் மைக்ராஸ்கோப்பிலும் பாக்டீரியா இல்லை.

எதிர்பாராதது ஒன்று: லெவல் 2-வில் (பாசிட்டிவ் வர வேண்டிய கன்ட்ரோல்) கீட்டோன் (ஸ்ட்ரிப் சோதிக்கும் இன்னொரு பொருள்) மட்டும் அப்போதும் குறைவாகவே வந்தது. அது ஸ்ட்ரிப் கோளாறு இல்லை, மேசையில் திறந்தே கிடந்த லெவல் 2 கன்ட்ரோல் குப்பிதான் காரணம். கீட்டோன் அப்படித் திறந்து வைத்தால் நிற்காது. புதுக் குப்பியில் அதுவும் வரம்புக்குள் வந்துவிட்டது.